வீடியோ ஓடிவிட்டது

அன்புள்ள மீனாவுக்கு,

இங்கே நலம். அம்மாவின் முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது, போனில் சொல்லியிருப்பாள்.

டிரைவில் நீ போட்ட பிறந்தநாள் வீடியோவில் முதலில் சத்தம் மட்டும்தான் வந்தது. படம் பச்சைக் கட்டம் கட்டமாக உடைந்தது. "புதுக் கம்ப்யூட்டர் வாங்குங்கப்பா" என்று ஆரம்பித்துவிடுவாய் என்றுதான் உன்னிடம் கேட்கவில்லை. வீடியோ பார்க்கிற விஎல்சி பிளேயரில் டூல்ஸ், பிரிஃபரன்சஸ், இன்புட்/கோடெக்ஸ் என்று போய், ஹார்டுவேர் ஆக்சிலரேட்டட் டிகோடிங்கை, அதாவது படத்தைப் பிரிக்கிற வேலையைக் கிராபிக்ஸ் சிப்பிடம் கொடுப்பதை, டிசேபிள் செய்து, சேவ் கொடுத்து மூடித் திறந்தேன். பச்சை போய்விட்டது. ஆனால் படம் விக்கி விக்கி ஓடியது. உன் ஐபோன் 4கே வீடியோவை ஹெச்இவிசி முறையில் அமுக்கிப் பதிகிறது. போனில் இடம் மிச்சம், சரி. அதைப் பிரித்துக் காட்டுகிற வேலை மொத்தமும் இப்போது நம் கிழட்டு பிராசஸர் தலையில். அடுத்த முறை செட்டிங்ஸில் கேமரா, ஃபார்மட்ஸ் போய் 'மோஸ்ட் கம்பாட்டிபிள்' வைத்துக்கொள், பழைய கம்ப்யூட்டரிலும் ஓடுகிற முறை அது. 4கே வேண்டாம், 1080பி போதும். டீம் லீடுக்கு நான் பாடம் நடத்துகிறேன் பார்! இரண்டு வரி பதில் போட மட்டும் டீம் லீடுக்கு நேரமில்லை.

விக்கல் தாங்காமல் 'இ' பட்டனைத் தட்டித் தட்டி ஒவ்வொரு ஃபிரேமாகப் பார்த்தேன். குட்டி நன்றாக வளர்ந்துவிட்டான். நீ இளைத்திருக்கிறாய். மாப்பிள்ளையைக் காணவில்லை. அவர்தான் எடுத்திருப்பார் என்றாள் அம்மா. "இங்கே பாருடா" என்று கேமராவுக்குப் பின்னால் கேட்டது பெண் குரல். சத்தத்தில்தான் கோளாறே இல்லையே. ஆபீஸ் வேலை இருந்திருக்கும். பொங்கலுக்கும் வேலைதான்.

சரி, அது கிடக்கட்டும். மோஸ்ட் கம்பாட்டிபிள், மறக்காதே. முழுதாக ஏறிய பிறகு லிங்க் அனுப்பு, பாதியில் நின்ற வீடியோ ஃபைல் பெரும்பாலும் திறக்காது. எல்லோரும் இருக்கிற மாதிரி ஒன்று எடு. நேரத்துக்குச் சாப்பிடு.

அப்புறம், தீபாவளிக்கு ரயில் முன்பதிவு. முன்பு மாதிரி 120 நாள் இல்லை, இப்போது 60 நாளைக்கு முன்புதான் திறக்கிறது. காலை எட்டு மணிக்கே உட்கார்ந்து நானே போட்டுவிடுகிறேன். குட்டிக்கு 5 வயது முடிந்துவிட்டதால் பெர்த் என்றால் முழு டிக்கெட்தான். மொத்தம் மூன்றா, இரண்டா என்று மட்டும் வாட்ஸ்அப்பில் போடு. இரண்டென்றாலும் ஒன்றுமில்லை, கீழ் பெர்த்தாகப் பார்க்கிறேன்.

அப்பா