வெர்சாய் வாசலோடு திரும்பிய 34 மாணவர்கள் சார்பில் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பன்னாட்டுக் கல்வித் தொடர்புப் பிரிவின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் பிரிவின் ஏற்பாட்டில் இந்தப் பருவத்தை பிரான்ஸின் ஒர்லேயான் நகரில் பயின்றுவரும் 34 மாணவர்களில் நானும் ஒருவன். மார்ச் மாதம் மூன்றாம் திங்கட்கிழமை எங்களைப் பிரெஞ்சு மன்னர்களின் பழைய இருப்பிடமான வெர்சாய் அரண்மனைக்கு அழைத்துச் சென்றபோது, அது மூடியிருந்ததால் வாசலோடு திரும்ப நேர்ந்ததைத் தங்களுக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. அன்று உடன் வந்தவர்களும் தாங்களே. மறுநாள் நாங்கள் அனைவரும் கையொப்பமிட்டுக் கொடுத்த கடிதத்தைப் பெற்றுக்கொண்டவர்களும் தாங்களே. அந்தக் கடிதத்துக்கு நான்கு வாரங்களாகப் பதில் இல்லை. தேர்வுகள் நெருங்குவதால் பொறுத்துப் போகலாம் என்றுதான் இருந்தோம். ஆனால் கடந்த வெள்ளிக்கிழமை வந்த நம் கல்லூரிச் செய்திமடலில், பூட்டிய வாயிற்கதவுக்கு முன்னால் குடைகளோடு நாங்கள் நிற்கும் படமும், அதன் கீழே ‘வெர்சாய் அரண்மனையைக் கண்டு களித்த நம் மாணவர்கள்’ என்ற வரியும் இருந்தன. நாங்கள் அரண்மனையைக் காணவில்லை. எங்கள் பெற்றோர் அந்த வரியைப் படித்துவிட்டு உள்ளே என்னென்ன பார்த்தீர்கள் என்று தொலைபேசியில் கேட்கும்போது, என்ன பதில் சொல்வதென்று தெரியாமல் விழிக்கிறோம். அதனால்தான் இதை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

எங்கள் கோரிக்கை ஒன்றே. இந்தப் பருவம் முடிந்து நாங்கள் ஊர் திரும்புவதற்குள், வெர்சாயில் எங்களுக்கு ஒரு முழு நாள் வேண்டும்.

வெர்சாய் அரண்மனைக்குத் திங்கட்கிழமைதோறும் விடுமுறை. பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய் விடுமுறை. இங்கே இரண்டு மாதம் தங்கிய எந்த மாணவருக்கும், ஓர் இடத்துக்குக் கிளம்புமுன் அதன் வார விடுமுறையைப் பார்த்துக்கொள்ளும் பழக்கம் வந்துவிடுகிறது. பயண நாள் அறிவிக்கப்பட்டதுமே எங்களில் ஒருவர் இதைக் குறிப்பிட்டுத் தங்களுக்கு எழுதினார். பேருந்து பதிவாகிவிட்டது, அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்பதே அவருக்குக் கிடைத்த மறுமொழி. தவறு யாருக்கும் நேரும். 34 பேரின் பயணத்தை ஒழுங்குசெய்வது எளிய வேலையல்ல என்பதையும் அறிவோம். சுட்டிக்காட்டிய பிறகும் திருத்திக்கொள்ளாததைத்தான் எங்களால் தவறு என்ற ஒரு சொல்லில் அடக்க முடியவில்லை.

அன்று காலை ஆறரை மணிக்கு இருட்டோடு புறப்பட்டு ஒன்பது மணிக்குச் சற்று முன் போய்ச் சேர்ந்தோம். அரண்மனைக்கு முன்னுள்ள பெருந்திடலில், குதிரைமேல் அமர்ந்த பதினான்காம் லூயியின் சிலையைத் தாண்டி, மழையில் வழுக்கும் உருளைக்கல் தரையில் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு ஏறினோம். மற்ற நாள்களில் அங்கே எத்தனை நீள வரிசை நிற்கும் என்று படங்களில் பார்த்திருக்கிறோம். அன்று ஒருவரும் இல்லை. காவலர் ஒருவர் கூண்டுக்குள்ளிருந்து எழுந்து வந்து, அறிவிப்புப் பலகையை விரலால் தொட்டு, ‘லந்தி, ஃபெர்மே’ என்றார். திங்கள், விடுமுறை. எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு, தோட்டம் திறந்திருக்கிறது என்று அவராகவே பரிவோடு சேர்த்துச் சொன்னார். தங்கள் தரப்பிலிருந்து எங்களுக்கு வந்த முதல் சொல், எல்லோரும் படத்துக்கு நில்லுங்கள் என்பதுதான்.

தோட்டத்தில் எங்களுக்குக் கிடைத்தது முக்கால் மணி நேரம். தோட்டக் கலைஞர் லெ நோத்ர் வகுத்த அந்தத் தோட்டத்தின் பெருங்கால்வாய் மட்டுமே ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் கூடுதலான நீளம். அதை மேல்தளத்தில் நின்று மழைத்திரையின் ஊடே தொலைவில் ஒரு சாம்பல் கோடாகப் பார்த்தோம். பளிங்குச் சிலைகள் பலவும் குளிர்காலத்துக்காகப் போர்த்திய உறைகளுக்குள்ளேயே இருந்தன. பதினொரு மணிக்குப் பேருந்துக்குத் திரும்பச் சொன்னீர்கள். பிறகு ஒரு பெரிய வணிக வளாகத்தில் இறக்கிவிட்டு மூன்று மணி நேரம் தந்தீர்கள். கடைவீதிக்கு மூன்று மணி நேரமும் வெர்சாய்க்கு முக்கால் மணி நேரமும் என்ற அந்தக் கணக்கு எங்கள் எல்லோர் மனத்திலும் இன்னும் உறுத்திக்கொண்டிருக்கிறது.

இவை எல்லாவற்றையும்விட, என் வகுப்புத் தோழி ஒருத்திக்கு அன்று நேர்ந்ததைத் தாங்கள் கருத்தில் கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அவள் புதுச்சேரியை அடுத்த பாகூரைச் சேர்ந்தவள், வரலாறு பயில்கிறாள். 1778இல் ஆங்கிலேயர் கைப்பற்றிய புதுச்சேரியையும் காரைக்காலையும் பிரான்சுக்குத் திருப்பித் தர வகைசெய்த உடன்படிக்கை, 1783 செப்டம்பர் 3 அன்று வெர்சாயில் கையெழுத்தானது. புதுச்சேரியோடு சேர்க்கப்பட வேண்டிய பகுதிகளில் ஒன்றாக அதில் பாகூரின் பெயரும் வருகிறது. ஐரோப்பிய அரசுகள் செய்துகொண்ட ஒப்பந்தத்தில், தான் தினமும் சைக்கிளில் கடந்து போகும் ஏரிக்கரை ஊரின் பெயரைப் படித்த நாள் முதல், அவள் இந்தப் பருவத்தின் ஆய்வுக் கட்டுரையை அதைப் பற்றியே எழுதிவருகிறாள். அந்தப் பக்கத்தின் நகலை எடுத்து, ஊர்ப்பெயரின் கீழே பென்சிலால் கோடிட்டு, நெகிழி உறைக்குள் வைத்து அன்று கொண்டுவந்திருந்தாள்.

அன்றைய பிரெஞ்சு அரசின் வெளியுறவுத் துறை இயங்கிய கட்டடம் அரண்மனைக்கு மிக அருகில்தான் இருக்கிறது. இப்போது அது நகர நூலகம். நடந்துபோனால் சில நிமிடங்கள். அரண்மனைதான் மூடியிருக்கிறதே, அந்தக் கட்டடத்தையாவது வெளியே நின்று பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று அவள் கேட்டாள். குழுவை விட்டு யாரும் பிரியக் கூடாது என்று மறுக்கப்பட்டது. இருவராகப் போகிறோம், இருபது நிமிடத்தில் திரும்பிவிடுகிறோம் என்று நானும் சேர்ந்து கேட்டேன். கட்டடம் எங்கும் ஓடிவிடாது, அடுத்த முறை வரும்போது பார்த்துக்கொள்ளுங்கள் என்றார் தங்களில் ஒருவர். அவர் அதைக் கடுமையாகச் சொல்லவில்லை. ஆனால் அந்த அடுத்த முறை எங்களில் எத்தனை பேருக்கு வாய்க்கும் என்று அவர் நினைத்துப் பார்க்கவில்லை. கல்விக் கடன் வாங்கியும் வீட்டு நகையை அடகு வைத்தும் ஒரே ஒரு பருவத்துக்காக இங்கே வந்திருக்கிறோம். திரும்பும் வழியில் அவள் அந்த நெகிழி உறைமேல் தெறித்திருந்த மழைநீரைத் துப்பட்டாவால் மறுபடி மறுபடி துடைத்துக்கொண்டே வந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த வணிக வளாகத்தில் அவள் பேருந்தை விட்டு இறங்கவே இல்லை.

எங்களுக்கு ஒரு முழு நாள் வேண்டும் என்று நான் மீண்டும் சொல்வதற்குக் காரணம், அந்த அரண்மனையில் பார்க்க இருப்பவை அப்படிப்பட்டவை. கண்ணாடி மண்டபம் 73 மீட்டர் நீளமுடையது. தோட்டத்தைப் பார்த்த 17 சாளரங்களுக்கு எதிரே 17 வளைவுகளில் 357 கண்ணாடிகள் பதிக்கப்பட்டிருக்கின்றன. 1871 ஜனவரி 18 அன்று, போரில் ஜெர்மானியரிடம் தோற்ற பிரான்ஸின் இதே மண்டபத்தில்தான் ஜெர்மானியப் பேரரசு அறிவிக்கப்பட்டது. முதல் உலகப் போருக்குப் பின், 1919 ஜூன் 28 அன்று, அமைதி உடன்படிக்கையில் ஜெர்மனியைக் கையெழுத்திட வைத்ததும் இதே மண்டபத்தில்தான். ஓர் அறையை வைத்து இரு நாடுகள் ஒன்றையொன்று எப்படிப் பழிதீர்த்துக்கொண்டன என்று எங்கள் பேராசிரியர் ஒரு வாரம் பாடம் நடத்தினார். ஹெர்குலிஸ் கூடத்தில் 1788 ஆகஸ்ட் 10 அன்று பதினாறாம் லூயி, திப்பு சுல்தானின் தூதர்கள் மூவரைச் சந்தித்தார். புதுச்சேரியில் கப்பலேறி, ஆங்கிலேயருக்கு எதிராக உதவி கேட்டு வந்தவர்கள் அவர்கள். அதற்கு அடுத்த ஆண்டு அக்டோபரில், பிரெஞ்சுப் புரட்சியின்போது, அந்த மன்னரே மக்கள் கூட்டம் சூழ அரண்மனையை விட்டுப் பாரிஸுக்குப் போனார், பிறகு திரும்பவில்லை. இவற்றையெல்லாம் குறிப்பேட்டில் எழுதி, எந்த அறையில் நின்று யார் எதை விளக்குவது என்று பங்கு பிரித்துக்கொண்டு வந்திருந்தோம். அந்தக் குறிப்பேடுகள் பையிலேயே கிடந்தன.

பணத்தைப் பற்றியும் பேசியாக வேண்டும். பயணக் கட்டணத்துக்கான ரசீதில் ‘நுழைவுக் கட்டணம் உட்பட’ என்றிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் வசிக்கும் 26 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு வெர்சாய் அரண்மனையில் நுழைவு இலவசம்; நீண்டகால மாணவர் விசாவில் இங்கே வசிக்கும் நாங்கள், விசாவைக் காட்டி அந்தச் சலுகையைப் பெறலாம். எங்களில் 26 வயதைக் கடந்தவர் எவரும் இல்லை. அப்படியிருக்க, நுழைவுக்கென்று எங்களிடம் வாங்கிய தொகை எவ்வளவு, அரண்மனைக்குள் ஒருவரும் நுழையாத அன்று அது எதற்குச் செலவானது என்ற கணக்கை அறிய விரும்புகிறோம். இது யார்மீதும் சாட்டும் குற்றமன்று. பணம் கட்டியவர்கள் கேட்கும் கணக்கு.

இது முதல் முறை நேர்ந்ததாக இருந்தால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். பிப்ரவரியில் ஷாம்போர் கோட்டைக்குப் போனபோதும் உள்ளே எங்களுக்குக் கிடைத்தது அரை மணி நேரம்தான். ஏறுபவரும் இறங்குபவரும் எதிர்ப்படாதபடி இரண்டு சுருள்களாகப் பின்னிச் செல்லும் அதன் படிக்கட்டில் ஒரு சுருள் வழியே ஏறினோம்; மற்றதன் வழியே இறங்கிப் பார்ப்பதற்குள் சீழ்க்கை ஊதப்பட்டது. ஒவ்வொரு பயணத்திலும் குழுப்படம் மட்டும் தவறாமல் எடுக்கப்படுகிறது. அடுத்த ஆண்டு மாணவர் சேர்க்கைக்கான கையேட்டில் அந்தப் படங்கள் வரும். அவற்றைப் பார்த்து இன்னொரு வீட்டில் ஒரு தாய் தன் வளையலைக் கழற்றிக் கொடுப்பார். வெளிநாட்டுக் கல்வி என்பது மாணவர் கண்ணால் பார்த்ததும் காலால் நடந்ததும்தானே? நாங்கள் போய் நின்ற இடத்தை மட்டும் காட்டி, நாங்கள் பார்த்ததாகச் சொல்வது எங்களுக்கும் நியாயமன்று, எங்களுக்குப் பின்னால் வரப்போகிறவர்களுக்கும் நியாயமன்று.

பேச்சு கோரிக்கையை விட்டுச் சற்று விலகிவிட்டது, பொறுத்தருள வேண்டும். கேட்க வந்ததைப் பணிவாகவே கேட்கிறேன்.

மே மாத இறுதியில் தேர்வுகள் முடிகின்றன. அதற்கு முன் செவ்வாய் முதல் ஞாயிறு வரையிலான ஏதேனும் ஒரு நாளில் எங்களை மீண்டும் வெர்சாய்க்கு அழைத்துச் செல்லுங்கள். மே 1 அன்றும் அரண்மனை மூடியிருக்கும் என்பதால் அந்த நாளைத் தவிர்க்க வேண்டும். பேருந்துச் செலவு தடையாக இருக்குமானால் பேருந்தே வேண்டாம். ஒர்லேயானிலிருந்து பாரிஸ் ஓஸ்தெர்லிட்ஸ் நிலையத்துக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான ரயில் பயணம். அதே நிலையத்தில் புறநகர் ரயிலின் ‘சி’ தடத்தில் ஏறினால் வெர்சாய் ஷாத்தோ ரிவ் கோஷ் நிலையத்தில் இறங்கலாம். அங்கிருந்து அரண்மனை பத்து நிமிட நடை. அந்தத் தடத்தில் வேறு ஊர்களுக்குப் பிரிந்து செல்லும் வண்டிகளும் உண்டு என்பதால், ஏறுமுன் பெயர்ப்பலகையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அவ்வளவே. உள்ளே நுழையும் நேரத்துக்கான முன்பதிவை நாங்களே செய்துகொள்கிறோம். ஏப்ரல் முதல் நீரூற்று இசைக்காட்சி நடக்கும் நாள்களில் தோட்டத்துக்குத் தனிக் கட்டணம் உண்டு. அன்று போக நேர்ந்தால் அதையும் நாங்களே கட்டிக்கொள்கிறோம். தாங்கள் தர வேண்டியது ஒரு வகுப்பு நாள் விடுப்பும், ரயில் கட்டணமும், காலை பத்து முதல் மாலை ஐந்து வரை எங்களை அவசரப்படுத்தாத மனமும்தான்.

செய்திமடலின் அடுத்த இதழில் அந்தப் படத்துக்குக் கீழேயுள்ள வரியையும் திருத்தி வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன். அரண்மனை மூடியிருந்த நாளில் எடுத்த படம் என்று உள்ளபடி எழுதினால் போதும்.

தோழியின் ஆய்வுக் கட்டுரையை மே 20க்குள் ஒப்படைக்க வேண்டும். பயண நாள் அதற்கு முன்பாக அமைந்தால், அரண்மனையைப் பார்த்தபின் அவளோடு அந்தப் பழைய வெளியுறவுத் துறைக் கட்டடம் வரை நானும் இன்னும் சிலரும் போய்வர விரும்புகிறோம். அதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்கித் தருமாறு இப்போதே வேண்டிக்கொள்கிறேன். இந்த மாத இறுதிக்குள் பயண நாளைத் தெரிவித்தால், மறுநாளே 34 பேருக்கும் முன்பதிவு செய்து, அதன் நகலைத் தங்கள் மேசைக்கு நானே கொண்டுவந்து தருகிறேன்.

தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
இப்பருவ மாணவர்களுள் ஒருவன்,
ஒர்லேயான்.