ராசாவுக்கு, வண்ணார்பண்ணையில் இருந்து

அன்புள்ள ராசாவுக்கு,

நாங்கள் சுகம். கண் வெட்டின பிறகு அப்பாவுக்குப் பேப்பர் எழுத்து நல்லாய்த் தெரிகிறதாம். மாமாவின் காணி விஷயம் இன்னும் இழுபடுகிறது. ரொறன்ரோவில் பனி தொடங்கிவிட்டது என்றார்கள், தடித்த ஜாக்கெட்டைப் போடு.

போனில் 'ம்', 'ஓம்' என்று முடித்துவிடுகிறாய். அதுதான் எழுதுகிறேன். சின்னம்மாவின் மகள் உன் முகநூலில் முஸ்லிம் சனத்தைத் திட்டி நீ பகிர்ந்த படத்தைக் காட்டினாள். அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்ல வரவில்லை. நீ வளர்ந்த பிள்ளை.

இப்போது கதை ஏதும் எழுதுகிறாயா? தமிழ்த்தினப் போட்டிக்கு நீ எழுதின மீன்கார ஆச்சி நாடகத்தைப் பார்த்து அழுத சனம் இன்றைக்கும் சந்தையில் கேட்கிறது, "தம்பி இப்பவும் எழுதுறாரோ?" ஓம் என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எழுது ராசா.

சோனகதெருத் தையற்கார நானாவைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன். என் பள்ளிக்கூடச் சட்டை எல்லாம் அவர் தைத்ததுதான். வளருகிற பிள்ளை என்று விளிம்பில் நாலு விரல் துணி மடித்து விடுவார். அடுத்த வருசம் அதைப் பிரித்து நீட்டித் தரக் காசு வாங்கமாட்டார். 1990 ஒக்ரோபர் 30 அன்று புலிகள் இயக்கம் யாழ்ப்பாணத்து முஸ்லிம் சனத்துக்கு ஊரை விட்டுப் போக இரண்டு மணித்தியாலம் கொடுத்தது. நகையும் காசும் பறித்துக்கொண்டுதான் அனுப்பினார்கள். அந்த அவசரத்திலும் மனுசன் தைத்து முடிக்காத என் துணியை, அளவு எழுதின துண்டோடு, ஒரு பொடியனிடம் கொடுத்துவிட்டுப் போனார். வடக்கு முழுவதிலும் இருந்து 70,000 பேருக்கு மேல் அப்படிப் போனார்கள். கனபேருக்குப் புத்தளத்தில் கிடுகுக் கொட்டில்தான் வீடானது.

1995இல், அதே ஒக்ரோபர் 30, ஆமி நெருங்க எங்கள் வலிகாமத்துச் சனம் முழுக்க மழைக்குள் தென்மராட்சிக்கு நடந்தது. அவர்களை விரட்டின வினை என்று சிலர் சொல்லுவார்கள். நான் சொல்லமாட்டேன். நாவற்குழிப் பாலத்தில் நெரிபட்டு நின்றபோது எனக்கு நானாவின் பிள்ளைகள்தான் நினைவில் வந்தார்கள்.

2018இல் அம்பாறையில் முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் கருத்தடை மருந்து கலக்கிறார்கள் என்று ஒரு கதை கிளம்பியதே, ஞாபகமா? அரசாங்கப் பகுப்பாய்வாளர் சோதித்தபோது அது வெறும் மாவுக்கட்டி. அதற்கு முதலே கடையும் பள்ளிவாசலும் அடிபட்டுவிட்டன. அறிக்கையை யார் வாசித்தார்கள்? சாப்பாட்டுத் தட்டு, பெண்டாட்டி, பிறக்காத பிள்ளை எல்லாம் அந்தப் பொய்யில் இருந்தபடியால்தான் அது ஓடினது. அதற்கு எதிராக ஓடக்கூடியது ஆளும் வீடும் உள்ள உண்மைக் கதைதான். உனக்கு அது கைவரும். ஒரு படத்தைத் தட்டி மற்றவனுக்கு அனுப்ப யாராலும் முடியும், அதற்கு என் பிள்ளை தேவையில்லை.

கிழக்கில் பெரியம்மா குடும்பம் பட்டதை நான் மறக்கவில்லை. அதையும் எழுது. எந்த ஊர், எந்தக் கை, எந்த நாள் என்று எழுது. ஒரு சனத்தையே குற்றவாளி ஆக்கி மட்டும் எழுதாதே. எங்களையும் அப்படித்தான் 83 கலவரத்தில் பார்த்தார்கள்.

எழுதினால் எங்கள் ஆட்களே துரோகி என்பார்கள். அதை நினைக்க எனக்கு நித்திரை வரவில்லை என்பதும் உண்மை. என்றாலும் எழுது. அங்கே உன்னோடு இருக்கிற பொடியன்களையும் பிடி. ஒருவன் படம் கீறுவான், ஒருவனுக்குக் கமரா தெரியும், தமிழ் தடக்குகிறவன் ஆங்கிலத்தில் எழுதட்டும். அவரவர் அம்மம்மாவிடம் கேட்டாலே நாலு கதை வரும். ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு போ.

நானாவின் மூத்த மகள் புத்தளத்தில் இருக்கிறா. உன்னோடு கதைக்கச் சம்மதம் என்றா. நம்பரை வட்ஸ்அப்பில் போடுகிறேன். வெள்ளி மத்தியானம் எடுக்காதே, தொழுகை நேரம். அக்கா என்று கூப்பிடு. முதல்நாளே போனில் பதியாதே, சும்மா கேள். எழுதினதும் முதல் பிரதி எனக்கு வரவேண்டும், நீ இன்னும் ற, ர மாறித்தான் எழுதுகிறாய்.

அன்புடன்,
அம்மா