ஊர்ச் செய்திக்குச் சொந்த முகவரி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பேராவூரணி வட்டாரச் செய்திகளைப் பல ஆண்டுகளாக இலவச வலைப்பூ ஒன்றில் எழுதிவரும் எங்கள் ஊர் இளைஞர் ஒருவர், அண்மையில் தம் பெயரிலேயே ஒரு டொமைன், அதாவது சொந்த இணைய முகவரி, வாங்கி, பழைய பதிவுகள் அனைத்தையும் அந்த முகவரியின்கீழ்க் கொண்டுவந்திருக்கிறார். ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கிவிடும் இச்செலவை வீண் என்று ஊரில் சிலர் பேசக் கேட்டதால் இதை எழுதுகிறேன். ஊர்ச் செய்தி எழுதுபவர் முதலில் செய்ய வேண்டிய செலவே இதுதான் என்பது என் உறுதியான கருத்து.

மேட்டூர் அணை திறப்பதை எல்லா நாளிதழ்களும் முதல் பக்கத்தில் வெளியிடுகின்றன. ஆனால் கல்லணைக் கால்வாயில் விட்ட தண்ணீர் கடைமடையில் உள்ள எங்கள் கிளை வாய்க்கால்களுக்கு என்றைக்கு வந்து சேர்ந்தது, எந்த மதகோடு நின்றுபோனது, முறை வைத்து விடும்போது எந்த ஊருக்கு எந்த நாள் என்பவையெல்லாம் நாற்று விட்டுக் காத்திருக்கும் எங்களுக்கு மட்டுமே செய்தி. அவற்றை அந்த இளைஞர் நாள், இடம், படம் ஆகியவற்றோடு எழுதுகிறார். ஒவ்வோர் ஆண்டும் தண்ணீர் வந்த தேதியை ஒப்பிட்டுப் பார்க்க விரும்பும் விவசாயிக்கு இதைவிட எளிதாகக் கைக்கு எட்டும் பதிவு எங்கள் பகுதியில் வேறு இல்லை.

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் எங்கள் தென்னந்தோப்புகளைச் சாய்த்தது. மின்சாரம் எந்தத் தெரு வரை வந்திருக்கிறது, தண்ணீர் லாரி எங்கே நிற்கிறது, விழுந்த மரங்களைக் கணக்கெடுக்க எந்தக் கிராமத்துக்கு அலுவலர்கள் வருகிறார்கள் என்ற தகவல்கள் அந்த நாட்களில் பெரும்பாலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் முகநூலிலுமே பரவின. இன்று அவற்றில் ஒன்றைத் தேடி எடுப்பதும் அரிது. கைபேசி மாற்றியபோது சில போயின, குழு கலைந்தபோது சில போயின. வலைப்பூவில் ஏறியவை மட்டும் தேதிவாரியாக அப்படியே இருக்கின்றன.

வலைப்பூ இருக்கும்போது தனி முகவரி எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கூகுள் நிறுவனம் 2012 முதல் சில ஆண்டுகள் தன் இலவச வலைப்பூச் சேவையான பிளாக்கரில் உள்ள வலைப்பூக்களை இந்திய வாசகர்களுக்கு ‘பிளாக்ஸ்பாட் டாட் இன்’ என்ற முகவரியில் காட்டிவந்தது. 2020-இல் அந்தப் பெயர் அந்நிறுவனத்தின் கையைவிட்டு வேறொருவரிடம் போனதும், அதைக் குறித்துவைத்திருந்த ஏராளமான பழைய இணைப்புகள் பயனற்றுப்போயின. எழுதியவர்கள் யாரும் எந்தத் தவறும் செய்யவில்லை. முகவரி அவர்களுடையதாக இல்லை, அவ்வளவுதான். சொந்த டொமைன் இருந்தால், பதிவுகளை நாளை வேறொரு சேவைக்கு மாற்றினாலும் வாசகர் அதே முகவரிக்கே வருவார். பிளாக்கர் சேவையில் டொமைனை இணைப்பதற்குத் தனிக் கட்டணமும் கிடையாது. பழைய முகவரிக்கு வருபவர்களைப் புதிய முகவரிக்கு அதுவே அனுப்பிவிடும்.

ஆயினும் வாங்கினால் மட்டும் போதாது. பக்கத்து ஊர்த் தளம் ஒன்றின் பெயரைக் கம்ப்யூட்டர் சென்டர்காரர் தம் மின்னஞ்சலிலேயே பதிவுசெய்திருந்தார். புதுப்பிக்கச் சொல்லும் அறிவிப்புகள் அவருக்கே போயின; அவரோ கடையை மூடிவிட்டு வெளியூர் சென்றுவிட்டார். கெடு முடிந்ததும் வேறு யாரோ அப்பெயரை எடுத்துக்கொள்ள, கோயில் திருவிழாப் படங்கள் இருந்த இடத்தில் இப்போது சூதாட்ட விளம்பரம் வருகிறது. ஆகவே பதிவுக் கணக்கு எழுதுபவரின் சொந்த மின்னஞ்சலிலும் கைபேசி எண்ணிலும் இருக்க வேண்டும். ஒரே தடவையில் 10 ஆண்டுகள் வரை பதிந்துகொள்ள வழி இருப்பதால், வசதி உள்ளவர்கள் ஆண்டுதோறும் புதுப்பிக்கும் கவலையையும் தவிர்க்கலாம்.

தங்கள் நாளிதழிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. வட்டாரச் செய்திப் பக்கத்துக்கு இத்தகைய தளங்களிலிருந்து படமோ தகவலோ எடுக்கும்போது ‘இணையத்திலிருந்து’ என்று பொதுவாகக் குறிப்பிடாமல், அந்தத் தளத்தின் பெயரையும் முகவரியையும் படத்தின் அடியிலேயே அச்சிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர்,
பேராவூரணி.