ஒரு கேள்விக்காகப் பாடத்தை நிறுத்தும் உரிமை: தொடக்கக் கல்வி அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். எண்ணும் எழுத்தும் திட்டத்தைப் பற்றி உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 2020 மார்ச்சில் மூடிய தொடக்க வகுப்புகள் 2021 நவம்பரில்தான் திறந்தன என்பதும், அந்த இடைவெளியில் எழுத்தையே மறந்துபோன குழந்தைகளை முன்னிட்டு 2022 ஜூன் 13 அன்று திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்தில் இத்திட்டம் தொடங்கப்பட்டது என்பதும், எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைகள் அனைவரும் 2025-க்குள் பிழையின்றிப் படிக்கவும் எழுதவும் அடிப்படைக் கணக்குகளைச் செய்யவும் வேண்டும் என்பதே அப்போது வைத்த இலக்கு என்பதும் நீங்கள் அறிந்தவையே. நான் இத்திட்டத்தை எதிர்ப்பவள் அல்லள். அரும்பு, மொட்டு, மலர் என்ற மூன்று கற்றல் நிலைகளாகப் பிரித்துக் குழந்தைகளை அவர்கள் நிற்கும் இடத்திலிருந்து அழைத்துச் செல்லும் முறையால் என் வகுப்பிலேயே வாய் திறந்து படிக்கத் தொடங்கியவர்கள் இருக்கிறார்கள். சென்ற மாதம், பள்ளியைப் பார்வையிட வரும் அலுவலர்கள் குறிப்பெழுதும் எங்கள் பார்வைப் பதிவேட்டில் எழுதப்பட்ட இரண்டு வரிகள்தாம் என்னை இம்மடலை எழுத வைத்தன.

எங்களுடையது ஈராசிரியர் பள்ளி. ஒன்று முதல் மூன்று வரையிலான வகுப்புகள் ஒரே அறையில், 23 குழந்தைகளாக, என்னிடம் இருக்கின்றன. அன்று காலை எண்களைச் சொல்லி எழுதச் சொன்னபோது, “தொண்ணூற்று மூன்று” என்ற எண்ணுக்கு மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி 103 என்று எழுதினாள். வழக்கமாக நானும் சிவப்பு மையால் ஒரு கோடு இழுத்துவிட்டு அடுத்த எண்ணுக்குப் போயிருப்பேன். அன்று ஏனோ, “எப்படிம்மா இந்த எண் வந்தது?” என்று கேட்டுவிட்டேன். “நீங்கதான டீச்சர் சொன்னீங்க, தொண்... நூத்தி மூணு” என்றாள். அவள் சொன்னதில் பிழையே இல்லை என்பதைக் கவனியுங்கள். பேச்சில் “தொண்ணூத்தி மூணு” என்று நாம் சொல்லும்போது “நூத்தி மூணு” முழுதாக அதற்குள் உட்கார்ந்திருக்கிறது. தன் காதை நம்பி, கேட்டதை அப்படியே எழுதிய குழந்தை அவள்.

பக்கத்தில் இருந்த பையன் விடவில்லை. “எண்பத்தொன்பதுக்கு அடுத்து நூறா வரும்?” என்று கேட்டான். இருவரும் சேர்ந்து வீட்டுத் துடைப்பத்திலிருந்து உருவி வந்த ஈர்க்குச்சிகளைத் தரையில் கொட்டி, பத்துப் பத்தாக ரப்பர் வளையம் போட்டு எட்டுக் கட்டும் ஒன்பது உதிரியும் வைத்தார்கள். இன்னும் ஒரு குச்சி சேர்ந்ததும் ஒன்பதாவது கட்டு உருவானது. பத்தாவது கட்டு இல்லாமல் நூறு ஏது என்பதை அவளே கண்டுகொண்டு, 103 என்பதை அடித்து 93 என்று எழுதினாள். பாடம் அத்துடன் முடிந்திருக்கலாம். ஆனால் அவள் தலையைத் தூக்கி, “அப்போ ஒன்பது கட்டுக்கு ஏன் டீச்சர் நூறுன்னு பேர் வச்சாங்க?” என்று கேட்டாள்.

உங்களில் எத்தனை பேர் இக்கேள்வியை எதிர்கொண்டிருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாது. பதினெட்டு ஆண்டுகளாகக் கற்பிக்கும் என்னிடம் சட்டென்று சொல்ல விடை இல்லை. எனவே தாழ்மட்டக் கரும்பலகையில் எண்ணுப் பெயர்களை எழுதிப் பார்க்கச் சொன்னேன். ஏழு, எழுபது, எழுநூறு. எட்டு, எண்பது, எண்ணூறு. அதற்குக் கீழே ஒன்பது, தொண்ணூறு, தொள்ளாயிரம். எழுதி முடித்த வரிசையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இரண்டாம் வகுப்புச் சிறுவன் ஒருவன், அவனுக்கு அது பாடமே இல்லை, “டீச்சர், ஒன்பதுலயே ‘பது’ இருக்கு!” என்று கத்தினான். பத்து வருவதற்கு முன்பே ‘பது’ வந்துவிடுகிறது, நூறு வருவதற்கு முன்பே ‘நூறு’ வந்துவிடுகிறது, ஆயிரம் வருவதற்கு முன்பே ‘ஆயிரம்’ வந்துவிடுகிறது என்று மூன்று வகுப்புப் பிள்ளைகளும் சேர்ந்து கண்டுபிடித்தார்கள். இன்னொருத்தி, எழுநூற்றில் இருக்கிற ‘ந’ எண்ணூற்றில் எங்கே போயிற்று என்று தேடத் தொடங்கினாள். ‘ந’, ‘ண’ குழப்பத்துக்கு ஆண்டுதோறும் நான் கொடுத்த பயிற்சித் தாள்கள் சாதிக்காததை அந்தத் தேடல் சாதித்தது. பழைய இலக்கண நூலார் தனி நூற்பா செய்து விளக்க வேண்டியிருந்த ஒரு புணர்ச்சியை, ஒன்பதுக்குத் ‘தொண்டு’ என்று முன்பு ஒரு பெயர் இருந்ததையெல்லாம் அறியாத எட்டு வயதுக் குழந்தைகள் ஈர்க்குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு தொட்டுவிட்டார்கள். எண்ணும் அங்கே இருந்தது, எழுத்தும் அங்கே இருந்தது. திட்டத்தின் பெயருக்கு இதைவிடப் பொருத்தமான ஒரு காலைப் பொழுதை நான் கண்டதில்லை.

அந்த நேரத்தில்தான் பார்வை அலுவலர் வந்தார். அவரைக் குறை சொல்வது என் நோக்கமன்று. அவர் கையில் இருந்த கைப்பேசிப் படிவம் அவரை என்ன கேட்கச் சொன்னதோ அதைத்தான் கேட்டார். இன்றைய நாளுக்குரிய செயல்பாடு எது, பயிற்சி நூலில் எந்தப் பக்கம் வரை முடிந்திருக்கிறது, கையேட்டில் சொன்ன துணைக்கருவி பயன்படுத்தப்பட்டதா என்பவையே கேள்விகள். ஆம், இல்லை என்ற இரண்டு விடைகளுக்கு மட்டுமே இடம் உண்டு. குழந்தைகள் கேள்வி கேட்டார்களா என்ற வினா அதில் இல்லை. அன்றைய பக்கம் வெறுமையாக இருந்தது. முந்தைய நாளின் பக்கமும் பாதிதான் நிரம்பியிருந்தது. தரையில் பரவிக் கிடந்த ஈர்க்குச்சிகளை மிதிக்காமல் கடந்து சென்று பதிவேட்டில் அவர் எழுதினார்: “பயிற்சி நூல் பக்கங்கள் நிறைவு செய்யப்படவில்லை. கால அட்டவணையைப் பின்பற்றிப் பாடம் நடத்த ஆசிரியருக்கு அறிவுறுத்தப்பட்டது.” கீழே நானும் கையொப்பமிட்டேன். வேறு வழி இல்லை.

மறுநாள் அச்சிறுமி தொள்ளாயிரத்தைப் பற்றி ஏதோ கேட்க வந்தாள். “அப்புறம் பார்க்கலாம்மா, முதல்ல பக்கத்தை முடி” என்றேன். இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிட்டு நான் அன்று முழுவதும் பட்ட சங்கடத்தை எந்தச் செயலியிலும் பதிவேற்ற முடியாது. அவள் பக்கத்தை முடித்தாள், அழகான கையெழுத்தில். அதன் பிறகு அவள் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை.

ஆகவே நான் கேட்பது இதுதான். ஒரு குழந்தையின் கேள்வியைப் பின்தொடர்ந்து செல்வதற்காக அன்றைய நாளின் பாடத்தை நிறுத்திவைக்கும் உரிமை வகுப்பு ஆசிரியருக்கு உண்டு என்று, அதைக் குறையாகப் பதிவு செய்யக் கூடாது என்று, எழுத்துப்பூர்வமான ஒரு சுற்றறிக்கை வேண்டும். வாய்மொழியாக “நீங்க பார்த்து நடத்துங்க டீச்சர்” என்று சொல்லும் நல்ல அலுவலர்கள் இருக்கிறார்கள். ஆனால் பதிவேட்டில் வாய்மொழிக்கு இடமில்லை.

இது புதிதாகக் கேட்கும் சலுகையும் அன்று. 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 29-ஆவது பிரிவில், செயல்பாடுகள் வழியாகவும் கண்டறிதல் வழியாகவும் தேடல் வழியாகவும் கற்றல் நிகழ வேண்டும் என்று சொல்கிறது. குழந்தை அச்சமின்றித் தன் கருத்தைச் சொல்ல உதவ வேண்டும் என்றும் சொல்கிறது. அதே சட்டம்தான் ஆண்டுக்கு 200 வேலை நாட்களையும் 800 கற்பித்தல் மணி நேரத்தையும் தொடக்க வகுப்புகளுக்கு வரையறுத்திருக்கிறது. எங்களைச் சோதிக்க வருகிறவர்களுக்கு இந்த எண்கள் மட்டும் மனப்பாடமாக இருக்கின்றன.

செயல்வழிக் கற்றல் வந்த காலத்திலும் நான் பணியில் இருந்தேன். ஆந்திரத்தில் மதனப்பள்ளி அருகே ரிஷிவேலியில் கிராமப் பள்ளிகளுக்காக உருவான ஒரு முறையிலிருந்து கற்று, 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, சில ஆண்டுகளில் மாநிலம் முழுவதற்கும் விரிந்த திட்டம் அது. தாழ்மட்டக் கரும்பலகையும், குழந்தைகளின் படைப்புகளைத் தொங்கவிடும் கம்பிப் பந்தலும், குழந்தை செயல்பாட்டு அட்டைகளை ஒவ்வொன்றாக முடித்துத் தன் வேகத்தில் ஏறிச் செல்லும் கற்றல் ஏணிப்படியும் அப்போது வந்தவையே. நல்ல எண்ணத்துடன் வந்த அதுவும் சில ஆண்டுகளில் எத்தனை அட்டை முடிந்தது என்ற கணக்காகச் சுருங்கியது. குழந்தை அட்டையை எடுத்தாளா என்று பார்த்தோம்; எடுத்தவள் என்ன யோசித்தாள் என்று பார்க்க மறந்தோம். அட்டைகள் போய்ப் பயிற்சி நூல்கள் வந்திருக்கின்றன, எண்ணிக்கை மட்டும் அப்படியே இருக்கிறது. எங்கள் கம்பிப் பந்தலில் இப்போது மழைக்காலத்தில் துண்டு காய்கிறது.

பயிற்சிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. குழந்தைகள் கேள்வி கேட்டுக் கற்க வேண்டும் என்பதை எங்களுக்குக் கற்பிக்க நடந்த ஒரு பயிற்சியில், மதியம் வரை திரையில் படங்களைப் பார்த்தபடி அமர்ந்திருந்தோம். நடுவில் கையை உயர்த்திய ஆசிரியரிடம், நேரமில்லாததால் கேள்விகளை இறுதியில் கேட்கும்படி கருத்தாளர் கேட்டுக்கொண்டார். இறுதியில் பின்னூட்டப் படிவம் வந்தது, தேநீர் வந்தது. கேள்வி நேரம் மட்டும் வரவில்லை. குழந்தைகளின் கற்றலை அவ்வப்போது அளக்கும் வளரறி மதிப்பீட்டைச் செயலியில் பதிவேற்ற எங்கள் பள்ளியில் வேப்பமரத்தடிக்குப் போக வேண்டும், அங்கேதான் சிக்னல் கிடைக்கும். 23 குழந்தைகளை ஒவ்வொருவராக மரத்தடிக்கு அழைத்துச் சென்று வரும் நேரத்தில் அறைக்குள் இருக்கும் மற்றவர்களுக்கு யார் கற்பிப்பது என்பதற்குக் கையேட்டில் விடை இல்லை. அறுபது குழந்தைகள் வரை இரண்டு ஆசிரியர்கள் போதும் என்று கணக்கிட்டவர்கள், ஐந்து வகுப்புகள் என்பதை எதனால் வகுத்தார்கள் என்று எங்கள் தலைமையாசிரியர் அடிக்கடி கேட்பார்.

மன்னிக்கவும், கேட்க வந்ததை விட்டு எங்கோ போய்விட்டேன். இவையெல்லாம் ஒரே நாளில் தீரக்கூடியவை அல்ல என்பதை நான் அறிவேன். நான் கேட்பதற்குப் பணம் வேண்டாம், கூடுதல் பணியிடம் வேண்டாம், புதிய நூல் அச்சிட வேண்டாம். கேள்வி கேட்கக் குழந்தைகளுக்குத் தெம்பும் இருக்கிறது. காலை உணவுத் திட்டம் வந்த பிறகு முதல் பாடவேளையில் சுருண்டு படுக்கும் பிள்ளைகளை நான் பார்க்கவில்லை. அவர்கள் கேட்கும்போது நான் நின்று கேட்பதற்கு அனுமதி வேண்டும், அவ்வளவே.

அட்டவணையைக் கைவிட்டால் சோம்பேறிகளுக்கு வசதியாகிவிடாதா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான அச்சம்தான், அப்படிப்பட்டவர்களை நானும் அறிவேன். அதற்காக ஒரு வழியைப் பணிவுடன் முன்வைக்கிறேன். பாடத்தை நிறுத்திய நாளில், எந்தக் குழந்தை என்ன கேட்டது, அதைப் பின்தொடர்ந்து என்ன செய்தோம், எதைக் கண்டுபிடித்தார்கள் என்று ஆசிரியர் அரைப் பக்கம் எழுதிவைக்கட்டும். பார்வைக்கு வரும் அலுவலர் அதைப் படித்து, அந்தக் குழந்தையிடமே பேசிப் பார்க்கட்டும். கதை கட்டியிருந்தால் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். எட்டு வயதுக் குழந்தைக்கு அலுவலருக்காக நடிக்கத் தெரியாது. இப்போதோ, மாலையில் அமர்ந்து பக்கங்களை நாமே கரும்பலகையில் எழுதிப்போட்டுக் குழந்தைகளைப் பார்த்து எழுதச் செய்துவிட்டால் எல்லாக் கட்டங்களிலும் “ஆம்” விழுந்துவிடுகிறது. இது நடக்கிறது என்பதை நீங்களும் அறிவீர்கள்.

எனவே மீண்டும் கேட்டுக்கொள்கிறேன். ஒரு குழந்தையின் கேள்விக்காகப் பாடத்தை நிறுத்திவைக்கும் உரிமையை எழுத்தில் தாருங்கள். கூடவே, பார்வைப் படிவத்தில் “இன்று குழந்தைகள் கேட்ட கேள்வி என்ன?” என்று ஒரே ஒரு வரியைச் சேர்க்கவும், அதற்குக் கீழே எழுதுவதற்குப் போதிய இடம் விடவும் ஆவன செய்யுமாறு வேண்டுகிறேன்.

தொள்ளாயிரத்தைப் பற்றி அந்தச் சிறுமி கேட்க வந்தது என்ன என்பதை நான் இன்னும் அறியவில்லை. சுற்றறிக்கை கிடைத்த அன்றே அவளிடம் கேட்பேன்.

இப்படிக்கு,
ஈராசிரியர் பள்ளியின் இடைநிலை ஆசிரியை ஒருத்தி