பந்து தட்டப் பழக்கியவர்களுக்கு நன்றி

அன்புடையீர்,

கல்லடியில் பாடசாலை விடுமுறைக்குள் நடத்திய சின்னப் பிள்ளைகளுக்கான கூடைப்பந்துப் பயிற்சி நல்லபடியாக முடிந்தது. கூடைக்கு எறிவதைப் பிறகு பார்ப்போம், முதலில் பந்து கைக்குள் நிற்கட்டும் என்றுதான் தொடங்கினோம். "எப்ப சேர் எறிய விடுவீங்க?" என்று பிள்ளைகளை விடப் பெற்றோரே அதிகம் கேட்டார்கள். பொறுத்துக்கொண்ட அவர்களுக்கு முதல் நன்றி.

அடுத்தது பிள்ளைகளைப் பழக்கிய எங்கள் ஐயாவுக்கு. பெயர் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மட்டக்களப்பு புனித மைக்கேல் கல்லூரியில் அமெரிக்க யேசு சபைக் குருவான யூஜின் ஹேபியர் அடிகளார் கூடைப்பந்து பழக்கிய காலத்தில் ஆடியவர். அடிகளார் போர்க்காலத்தில், 1990 ஆகஸ்டில் காணாமல் போன பிறகும் இந்த ஊர் பந்தை விடவில்லை என்பதற்கு ஐயா போன்றவர்களே காரணம். அவர் பந்தில் வெண்கட்டித் தூளைப் பூசிக் கொடுப்பார். கொஞ்ச நேரம் தட்டியதும், "கையக் காட்டு மனே" என்பார். விரல்களில் வெள்ளை ஒட்டியிருந்தால் சரி. உள்ளங்கை நடுவில் இருந்தால் மறுபடி முதலில் இருந்து. ஒரு குட்டி, கையைச் சட்டையில் துடைத்துவிட்டு வந்து நீட்டினாள். ஐயா கையைப் பார்க்கவில்லை, சட்டையைப் பார்த்துச் சிரித்தார்.

உதவிக்கு வந்த அக்காமாரை மறக்க முடியாது. பந்தைத் தட்டிக்கொண்டு வரும் பிள்ளைக்கு எதிரே நின்று விரல்களைக் காட்டி, "எத்தனை?" என்று கேட்பார்கள். குனிந்து பந்தைப் பார்த்த பிள்ளைக்கு விடை தெரியாது. பிறகு சோத்துக் கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு இடக்கையால் மட்டும். கை மாற்றும்போது பந்து முழங்காலுக்கு மேல் எழும்பக் கூடாது. இரண்டு கையாலும் பிடித்துவிட்டு மறுபடி தட்டினால் விசில்தான், அழுதாலும் விசில்தான்! இந்தக் கண்டிப்பு என்னிடம் இல்லை.

எங்களிடம் இருந்தவை பெரிய ஆண்கள் ஆடும் 7ஆம் இலக்கப் பந்துகள். அரைக் கிலோவுக்கு மேல் பாரம், சின்னக் கைக்கு அடங்காது. 5ஆம் இலக்கப் பந்துகள் வாங்கப் பணம் அனுப்பிய கனடா வாழ் பழைய வீரர்களுக்கும், காசு வாங்காமல் காற்றடித்துத் தந்த சைக்கிள் கடைத் தம்பிக்கும் நன்றி.

கச்சான் காற்றில் தரை கொதிக்க முன்னர் முடிக்க வேண்டுமென்று விடியவே தொடங்கினோம். அந்தச் சத்தத்தில் நித்திரை கெட்டும், தேசிக்காய்த் தண்ணி கரைத்து அனுப்பிய மதிலுக்கு அந்தப் பக்கத்து மாமிக்கும் நன்றி.

இனிச் சனிக்கிழமைகளில் பயிற்சி தொடரும். சில பந்துகள் பிள்ளைகளோடு வீட்டுக்குப் போய்விட்டன. கோபமில்லை, முற்றத்தில் தட்டட்டும். சனிக்கிழமை வரும்போது மட்டும் கையோடு கொடுத்து அனுப்புங்கள்.

நன்றியுடன்,
பயிற்சி ஏற்பாட்டாளர்கள் சார்பாக,
கல்லடி, மட்டக்களப்பு