தேதியை எழுத்தில் தாருங்கள்: விழிப்புணர்வுத் திட்டங்களை வகுக்கும் அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். டிசம்பர் 9, சர்வதேச ஊழல் எதிர்ப்பு நாளையொட்டித் தாங்கள் அலுவலகங்களில் ஒட்டச் செய்த சுவரொட்டியையும் அதனுடன் வந்த அறிக்கையையும் படித்தேன். லஞ்சம் கொடுக்கும் பழக்கமும், வதந்திகளையும் போலி மருத்துவத்தையும் நம்பும் பழக்கமும் மக்களின் அறியாமையிலிருந்து பிறக்கின்றன என்றும், மனநிலை மாறினால் இரண்டும் ஒழியும் என்றும் அதில் கூறியிருக்கிறீர்கள். இரண்டும் ஓரிடத்தில் பிறப்பவை என்பதை ஏற்கிறேன். ஆனால் அவை பிறப்பது அறியாமையில் என்பதை ஏற்க இயலவில்லை. நமக்கு என்ன நடக்கும், எப்போது நடக்கும் என்று தெரியாமலேயே நாளைக் கடத்த வேண்டியிருக்கும் வாழ்க்கையில்தான் அவை பிறக்கின்றன.

தங்கள் சுவரொட்டிக்குக் கீழே கிடந்த பெஞ்சில் ஒரு கட்டடத் தொழிலாளி உட்கார்ந்திருந்தார். விபத்தில் இறந்த மகனுக்கான உதவித்தொகை விண்ணப்பம் அவர் கையில் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. விண்ணப்ப நகலின் பின்புறத்தில் அவர் மீண்டும் வர வேண்டிய தேதிகளை அலுவலகத்தாரே எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஒன்றை அடித்து அதன் கீழே இன்னொன்று, வெவ்வேறு கையெழுத்துகளில், வெவ்வேறு மையில், தாளின் அடி விளிம்புவரை இறங்கியிருந்தன. ஒவ்வொரு தேதியும் அவருக்கு ஒரு நாள் கூலி. அடிக்கடி விடுப்பு எடுக்கிறார் என்று மேஸ்திரி அவருடைய இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார். வாசலில் நின்ற இடைத்தரகர் அந்த உறையைப் பிரித்துப் பார்த்த மாத்திரத்தில், மருத்துவச் சான்றில் ஒரு கையொப்பம் விடுபட்டிருக்கிறது என்று சொல்லிவிட்டார். உள்ளே அத்தனை முறை போனவரிடம் இதை யாரும் சொல்லவில்லை. அவர் கடன் வாங்கிப் பணம் கொடுத்தார், வயிறெரிந்துகொண்டேதான் கொடுத்தார். லஞ்சம் தவறு என்பதைத் தங்கள் சுவரொட்டி அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. உரிமையோடு அவருக்குக் கிடைத்திருக்க வேண்டிய ஒரு தகவலை அவர் காசு கொடுத்து வாங்க நேர்ந்தது.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான்: ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் ஒப்புகைச் சீட்டுடன், என்ன குறைகிறது, எந்தத் தேதிக்குள் முடியும் என்பதை எழுத்தில் தாருங்கள், தாமதமானால் அதன் காரணத்தையும் எழுத்திலேயே தாருங்கள்.

தாங்கள் மூடநம்பிக்கை என்று சொல்வதன் வேரும் இங்கேதான் இருக்கிறது. முதல் உலகப் போர்க் காலத்தில் பசிபிக் கடலிலுள்ள ட்ரோப்ரியண்ட் தீவுகளில் தங்கி ஆய்வு செய்த மானுடவியலாளர் மலினோவ்ஸ்கி, அங்குள்ள மக்கள் அமைதியான உள்கழியில் மீன் பிடிக்க எந்த மந்திரத்தையும் நாடவில்லை என்றும், ஆபத்தும் நிச்சயமின்மையும் நிறைந்த திறந்த கடலில் இறங்கும்போது விரிவான மந்திரச் சடங்குகளைச் செய்தார்கள் என்றும் பதிவு செய்தார். அதே மக்கள், அதே அறிவு, நீர்தான் வேறு. பொது மருத்துவமனையில் நாள் முழுக்க வரிசையில் நின்றவருக்கு நோயின் பெயர்கூடச் சொல்லப்படாமல் ஒரு மாத்திரைச் சீட்டு நீட்டப்படுகிறது. போலி மருத்துவரோ அவரை உட்கார வைத்து, பேச விட்டு, இதுதான் காரணம், இத்தனை நாளில் சரியாகும் என்கிறார். சொல்வது பொய்தான். ஆனால் கெடு வைத்துப் பேசுகிறவர் அவர் ஒருவர்தான். கைப்பேசியில் வரும் சதிக் கதையும் இதே வழியில்தான் உள்ளே நுழைகிறது. வசதி படைத்தவர்களும் அத்தகைய கதைகளை நம்புகிறார்கள் என்பது உண்மையே. ஆனால் ஏமாந்தால் மீண்டு எழ அவர்களுக்குச் சேமிப்பு இருக்கிறது.

அமெரிக்காவின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை நாற்பது ஆண்டுகள், கறுப்பின ஆண்களின் மேகநோய்க்கு (சிபிலிஸ்) தகுந்த மருந்து வந்த பிறகும் அதைக் கொடுக்காமல், சிகிச்சை அளிப்பதாகச் சொல்லிக்கொண்டே அரசின் பொதுச் சுகாதாரத் துறை அவர்களை ஆராய்ந்தது. அதன் பிறகு ஒருவர் அரசு மருத்துவரைச் சந்தேகித்தால் அதற்கு அறியாமை என்று பெயரிடுவது நியாயமா?

மனநிலைக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஐ.நா.வுக்கு வந்த பல நாட்டுத் தூதரக அதிகாரிகள் நியூயார்க்கில் வாகனம் நிறுத்தும் விதிகளை மீறியதை ஆராய்ந்தபோது, ஊழல் மிகுந்த நாடுகளிலிருந்து வந்தவர்களே அதிகம் மீறியது தெரிந்தது. ஆனால் 2002இல், அபராதம் கட்டாத வாகனங்களின் தூதரக எண் பலகையைப் பறிக்கும் அதிகாரம் நகர நிர்வாகத்துக்குக் கிடைத்ததும் அந்த மீறல்கள் பெருமளவு குறைந்துவிட்டன. யாரும் அவர்களுக்கு ஒழுக்க வகுப்பு எடுக்கவில்லை. நடைமுறைதான் மாறியது.

தங்கள் அறிக்கை மேற்கோள் காட்டும், 2003இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற ஊழலுக்கு எதிரான உடன்படிக்கையையே எடுத்துக்கொள்வோம். அதன் 13ஆவது பிரிவு பொதுமக்களிடம் விழிப்புணர்வை வளர்க்கச் சொல்கிறது. 10ஆவது பிரிவு, முடிவெடுக்கும் அதிகாரிகளை மக்கள் எளிதில் அணுகும்படி நிர்வாக நடைமுறைகளை எளிமையாக்கச் சொல்கிறது. முன்னதற்குக் கருத்தரங்கும் உறுதிமொழியும் ஊர்வலமும் ஆண்டுதோறும் நடக்கின்றன. பின்னது அலுவலகத்தின் கடமை, அதற்கு ஒரு மேசைகூட ஒதுக்கப்படவில்லை. திருந்த வேண்டியவர்கள் எப்போதும் வரிசையில் நிற்பவர்கள்தாம் என்றே தங்கள் அறிக்கைகள் எழுதப்படுகின்றன. நின்று நின்று கால் வீங்கியவர்களுக்கு இதைப் படிக்கும்போது எவ்வளவு வலிக்கும் என்று ஒருமுறை எண்ணிப் பார்த்திருந்தால், அந்த வாசகம் அச்சுக்கே போயிருக்காது.

ஆகவே மீண்டும் பணிவுடன் கேட்கிறேன். என்ன குறைகிறது, எப்போது முடியும், ஏன் தாமதம் என்ற மூன்றையும் எழுத்தில் தாருங்கள். எல்லாத் துறைகளிலும் ஒரே நாளில் இயலாது என்றால், இறப்பு, நோய், வேலையிழப்பு ஆகியவை தொடர்பான விண்ணப்பங்களிலிருந்து தொடங்குங்கள். காத்திருக்கச் சிறிதும் வசதியற்றவர்கள் அந்த வரிசைகளில்தான் நிற்கிறார்கள். சுவரொட்டிக்கு ஒதுக்கிய தொகையில் ஒரு பகுதியை, விண்ணப்பங்களைப் பெறும்போதே சரிபார்த்துக் குறையைச் சொல்லும் ஓர் ஊழியருக்கு ஒதுக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அந்த வரிசையில் நின்ற ஒரு குடிமகன்