ஈ.சி. மட்டும் பார்த்தால் போதுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் மனை வாங்குவோருக்கு யோசனை சொன்ன கட்டுரையில், "வில்லங்கச் சான்றிதழில் ஒன்றும் இல்லையென்றால் தைரியமாகக் கிரயம் முடிக்கலாம்" என்று போட்டிருந்தீர்கள். படித்ததும் வயிறு எரிந்தது.

ஊர்ப் பேச்சில் வில்லங்கம் என்றால் எல்லாத் தகராறும் அடக்கம். ஈ.சி. எனும் என்கம்பரன்ஸ் சர்டிபிகேட், அதாவது நீங்கள் சொன்ன வில்லங்கச் சான்றிதழ், காட்டுவதோ சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவானதை மட்டும்தான். வாய்மொழிப் பாகப்பிரிவினையும் வாரிசுப் பங்கும் அதில் ஏறாது. உயிலைப் பதிய வேண்டிய கட்டாயமே இல்லை. பதிந்தாலும் அந்த அலுவலகத்தில் உயில்களுக்கென்று இருக்கும் 3ஆம் புத்தகத்துக்குப் போய்விடும். ஈ.சி.க்குத் தேடுவது கிரயம் போன்ற சொத்துப் பத்திரங்கள் ஏறும் 1ஆம் புத்தகத்தில். இதெல்லாம் தாங்கள் அறியாததல்ல.

கும்பகோணம் பக்கம் என் தம்பி மனை வாங்கியபோதும் 30 வருஷத்துக்கு ஈ.சி. போட்டுப் பார்த்தோம். ஒன்றுமில்லை. பட்டாவும் விற்றவர் பெயரில்தான். கடைக்கால் தோண்டும்போது விற்றவரின் அக்கா வந்து, மஞ்சள் பையிலிருந்து வாரிசுச் சான்றிதழை எடுத்து நீட்டினார். விற்றவர் பெயருக்கு மேலே அந்த அக்கா பெயர். அவர்களுடைய அப்பா சுயமாகச் சம்பாதித்த நிலம். உயில் எழுதாமல் இறந்துவிட்டார். 1956ஆம் வருஷ இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மகளுக்கும் சமபங்கு. அந்த அம்மா மேல் தப்பே சொல்ல முடியாது, அவரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வழக்கு இன்னும் நடக்கிறது. வாங்கிப் போட்ட கம்பி துருவேறிக் கிடக்கிறது.

சர்வே எண் உட்பிரிவு ஆகியிருந்தால் பழைய எண்ணைப் போட்டும் ஈ.சி. தேட வேண்டும் என்று முன்பே ஒரு கடிதம் எழுதினேன். நீங்கள் பிரசுரிக்கவில்லை. சரி, இடமில்லை என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் 'வில்லங்கமற்ற மனைகள்' என்ற விளம்பரத்துக்கு மட்டும் வாராவாரம் முழுப்பக்கம் கிடைத்துவிடுகிறது. அப்பா காலத்திலிருந்து உங்கள் பத்திரிகை வாங்கும் குடும்பம் எங்களுடையது. அதில் வந்தால் சரியாக இருக்கும் என்று நம்பி முன்பணம் கொடுப்பவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு.

வரும் ஞாயிறு அதே பக்கத்தில் சின்னதாக ஒரு திருத்தம் போடுங்கள். ஈ.சி.யோடு, நிலம் முன்பு யாரிடமிருந்து வந்தது என்று காட்டும் தாய்ப்பத்திரம், வாரிசுச் சான்றிதழ் இரண்டையும் வக்கீலிடம் காட்டி, வாரிசுகள் எல்லோருடைய கையெழுத்தும் வாங்கச் சொல்லுங்கள். நான்கு வரி போதும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
தஞ்சாவூர் மாவட்டம்